சந்தனம் வைத்த கம்ப்யூட்டர்

வில்லியனூரில் உரக்கடை வைத்திருந்தவர் அவர். எண்பதுகளில், பாகம் பாகமாக வாங்கித் தாமே பற்றவைத்து, வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் கட்டினார். அது விற்றால் உரக்கடையை மூடிவிட்டு இதையே தொழிலாக்குவதாக இருந்தார். பருத்த உடம்பு. எதைத் தொட்டாலும் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

ஆயுத பூஜை முடிந்து, வாங்க வந்த அரிசி ஆலைக்காரர் முன்னால் சுவிட்சைப் போட்டார். கிளம்பவில்லை. எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவன் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்; பிளக், ஃபியூஸ் என்று முறைப்படி பார்த்துவிட்டு மூடியைக் கழற்றினேன். ஒவ்வொரு சிப்பின் மேலும் ஈரச் சந்தனம், குங்குமம்; கம்பிக் கால்கள் வரை வழிந்திருந்தது.

"தொடச்சா ஓடும்யா."

"வெச்ச பொட்ட இன்னிக்கே அழிக்கிறதா சார்? நாளைக்கிப் படைச்சிட்டுத் தொடைக்கிறேன்."

"இன்னாய்யா பேசுற? வந்த ஆளு போயிடுவாரு."

"போனா போவட்டும் சார்."

"நாளைக்கி எனக்கு நெல்லு எறங்குதுப்பா, நீ பொட்டயே பாத்துக்க" என்று ஆலைக்காரர் எழுந்து போனார். பிறகு வரவே இல்லை.

மறுநாள் படைத்துவிட்டுத் துடைத்தார். உடனே ஓடியது. "பாத்தீங்களா சார்" என்று சிரித்தார்.

கடைசிவரை உரம்தான் விற்றார். அதற்காக அவர் வருந்தி நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.