அத்தை வீட்டு வலம்புரி

சூடேறிய தூசியின் வாசனை என்றால் எனக்கு இன்றும் பம்பாய் வடாலாவில் இருந்த அத்தை வீட்டு புரொஜெக்டர்தான். சாமி விஷயத்தில் பொறாமைப்பட்டதை எப்படி எழுதுவது என்று கூசியே பல வருடங்களை ஓட்டிவிட்டேன், இப்போது எழுதிவிடுகிறேன்.

மாமா கப்பலில் வேலை பார்த்தவர். அவர் விடுப்பில் வரும்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவியிலிருந்து நாங்கள் எல்லோரும் போவோம். சுவரில் வேட்டியைக் கட்டி, 'ஸ்லைடு' என்கிற சின்னச் சட்டத்துக்குள் இருக்கும் படங்களைப் பெரிதாக்கிக் காட்டுவார். துறைமுகம், பனி எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு மரத்தடிப் பிள்ளையார் வருவார், தும்பிக்கை வலப்பக்கம் திரும்பி. ஊருக்குப் போகிற வழியில் எங்கோ மாமா எடுத்தது. எந்த இடம் என்று அவருக்கே நினைவில்லை.

"நல்லா கும்பிட்டுக்கிடுங்க. வலம்புரி. எல்லார் வீட்டுக்கும் வரமாட்டாரு" என்பாள் அத்தை.

அந்த 'எல்லார்' நாங்கள்தான். அத்தை மகள் செல்வி என் வயதுக்காரி. அவளுக்குப் புது ஃபிராக் வந்தாலும், மழையில் எங்கள் வீட்டுக்குள் ஏறிய தண்ணீர் அவள் வீட்டில் ஏறாவிட்டாலும், எல்லாம் அந்தத் தும்பிக்கையால்தான் என்று நம்பினேன். எங்கள் மண் பிள்ளையாருக்கு இடப்பக்கத் தும்பிக்கை. "நீயும் திரும்பிக்கோ" என்று வேண்டி, அவர் திரும்பாததால் மூன்று நாள் பூ வைக்காமல் இருந்தேன்.

"சாமிகிட்டயே மொகத்தத் தூக்கி வச்சிருக்கியா?" என்று அப்பா சிரித்தார்.

மாமாவும் அத்தையும் காலமானபின், செம்பூரில் இருக்கும் செல்வி ஸ்லைடுப் பெட்டியைக் கொடுத்தனுப்பினாள். என் மகள் ஸ்கேனர் வாங்கிவந்து வீட்டிலேயே அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். செல்விக்கு அவசரமாக வேண்டியது அந்தப் பிள்ளையார்; இருதய ஆபரேஷனுக்குப் போகுமுன் கும்பிட வேண்டுமாம்.

சட்டத்தில் மாமா எண் எழுதிய பக்கத்தை மேலே வைத்து ஏற்றிவந்த மகள், பிள்ளையார் படத்தில் உண்டியல்மேல் இருந்த எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "மம்மி, எனக்குத்தான் தமிழ் வரலையா, இல்ல இந்த எழுத்தே உல்டாவா?"

அந்த ஒன்றில் மட்டும் மாமா மறுபக்கத்தில் எண் போட்டிருக்கிறார்; அதை வைத்தே புரொஜெக்டரிலும் அத்தனை வருடம் இடவலம் மாற்றிக் காட்டியிருக்கிறார். படத்தைத் திருப்பினோம். எழுத்து நேரானது, தும்பிக்கை இடப்பக்கம் போய்விட்டது.

எனக்கு வந்தது சந்தோஷம். பிள்ளையாரப்பா, மன்னித்துக்கொள், சந்தோஷம்தான். செல்வியின் ஆபரேஷன் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. சொன்னால் அவள் தைரியம் போய்விடலாம். சொல்லாவிட்டால் சாமி விஷயத்தில் பொய் சொன்னதாகும். திருப்பிய படத்தையே கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னேன். உண்மைக்காகப் போனேனா, அவள் முகம் வாடுவதைப் பார்க்கப் போனேனா, இன்றும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

செல்வி சிரித்துவிட்டாள். "வலமோ இடமோ, எங்கப்பா எடுத்ததுல்லா. கீழ பாரு ஏட்டி, அவரு நெழலு. நான் எப்பவும் இதைத்தான் பாப்பேன்."

பிள்ளையாரின் காலடியில், கேமராவைத் தூக்கிப் பிடித்த மாமாவின் நிழல். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் அதைப் பார்த்ததே இல்லை. தோல் கிடங்கில் உழைத்தே போய்ச்சேர்ந்த என் அப்பாவுக்கு அப்படி ஒரு நிழல்கூட எங்கும் இல்லை.

செல்வி நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டாள். வடாலா வீடு போய், அங்கே இப்போது பெரிய கட்டடம் நிற்கிறது. இதை யாரிடமாவது சொன்னால், கடைசியில் நான் திருந்திவிட்டதாகச் சேர்க்காமல் இப்படியே சொல்லுங்கள். அவள் அந்த நிழலைத் தொட்டுக் காட்டியபோதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.