அம்மாவுக்கு வராத கொப்புளம்

குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போவதற்கான மெடிக்கலில் அம்மா பாஸான அன்றிலிருந்து மாமா அவளுடைய உடம்புக்குக் காவலிருக்கத் தொடங்கினார். அவர் அம்மாவின் தமையன். சுனாமி அப்பாவையும் கடற்கரை வீட்டையும் கொண்டுபோன பிறகு, பழுகாமத்தில் அவர் வீட்டில்தான் அம்மாவும் நானும் ஒட்டிக்கொண்டிருந்தோம். கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு காரியத்தைக் கையிலெடுத்தால் வீட்டையே ஒரு வழி பண்ணிவிடுவார்.

கொதித்து ஆறிய தண்ணீரைத்தான் அம்மா குடிக்க வேண்டும். தூறலில் நிற்கக் கூடாது. பொழுது சாயுமுன்னே நுளம்பு வலைக்குள் போய்விட வேண்டும். டவுனுக்குக் கூட்டிப்போய் ஊசியும் போட்டுக்கொண்டு வந்தார். கை வீங்கி அம்மா முனகியபோது, "அந்த நாட்டு வெக்கைக்கு இதெல்லாம் வேணும் தங்கச்சி. இது இப்ப மெடிக்கல் பாஸ் பண்ணின உடம்பு, கவனமா வெச்சிக்க" என்றார். மாமியின் புதுப் பீங்கான்களுக்குக்கூட அந்த வீட்டில் அவ்வளவு கவனிப்பு இருந்ததில்லை.

இந்தச் சீர்சிறப்புக்கு நடுவில் எனக்கு அம்மாள் வருத்தம் என்கிற அம்மை கண்டது. முதுகில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று தொடங்கி, விடிவதற்குள் உடம்பெல்லாம் கொப்புளம். வாசலில் வேப்பிலை செருகினார்கள். அம்மாள் தெய்வமே என் மேல் வந்து இறங்கியிருப்பதால் யாரும் என்னைக் கடிந்து பேசக் கூடாது. மாமாவுக்கு அதுதான் பெரிய சங்கடம். வாய்வரை வந்த ஏச்சை விழுங்கிக்கொண்டு, அம்மாவைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

"கொப்புளத்தோட பிளேன்ல ஏறினா நடுவழியில இறக்கிப்போடுவானுகள்" என்று அவர் மாமியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. குவைத்துக்குப் போகும் வழியில் கடல் இருப்பதைப் பள்ளிக்கூடத்து உலகப்படத்தில் பார்த்திருந்தேன். கடலில் இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால், மாமா வயலுக்குப் போன நேரம் பார்த்து அம்மா மெல்ல வந்து என் பாயில் படுக்கும்போதெல்லாம் நான் சுவரோரமாக ஒதுங்கிப் படுத்தேன். கன்னத்தோடு கன்னம் வைப்பாள். நான் மிச்சம் விட்ட இளநீரைக் குடிப்பாள். "போங்கம்மா, தொத்திரும்" என்று தள்ளினால் இன்னும் இறுக்கிக்கொள்வாள். எழுந்து போகுமுன் தன் கைகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

தலைமாட்டு வேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாளிடம் நேரடியாகவே பேசினேன். எனக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போடு, அம்மாவுக்கு மட்டும் ஒன்றும் போடாதே. மறுநாள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அதைச் சொல்லியும்விட்டேன்.

"பயப்படாதீங்கம்மா, உங்களுக்கு வராது. நான் அம்மாளிட்டக் கேட்டிரிக்கன்."

அம்மா கைகளைக் கீழே இறக்கினாள். "கேட்டிட்டியா மனே?" என்றாள். பிறகு என் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பயம் தெளிந்த சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு வருத்தம் மாறித் தலைக்குத் தண்ணீர் வார்த்தார்கள். அம்மாவுக்கு ஒரு பொட்டுக் கொப்புளம்கூட வரவில்லை. மாமா கோயிலில் தேங்காய் உடைத்தார்.

நாட்டுச் சண்டை முடிந்த பிறகுதான் அவள் குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தாள். அதற்குள் நான் அவளைவிட உயர்ந்திருந்தேன். ஒருநாள் மீன் கழுவிக்கொண்டே, பெரிய பகிடி ஒன்றைச் சொல்வதுபோல் சொன்னாள்: "தொத்தினாப் போகத் தேவல்ல எண்டுதான் உன்னோட வந்து படுத்தநான். போகமாட்டன் எண்டு அண்ணனுக்கு முன்னால சொல்ல எனக்கு வாயில்ல. நானும் அம்மாளிட்டக் கேட்டநான்தான். அவ உன்ட சொல்லக் கேட்டுட்டா." அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை.

அவள் குவைத்துக்குப் புறப்பட்ட அன்று, வான் வந்து ஏற்றிக்கொண்டு போன காலையில் மாமி அழுதாள். மாமாவும் துவாயால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மட்டும் அழவில்லை. அம்மாவை ஒரு குறையுமில்லாமல் அனுப்பிவைத்தது நான்தான் என்ற பெருமையில், வான் மறையும்வரை கைகாட்டிக்கொண்டு நின்றேன்.