வலை அலசுகிறவர்கள்

வேகிற கொண்டைக்கடலையும் வெளியே காய்கிற கருவாடும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும். சிதம்பரத்துக்குப் பக்கத்தில், கடலோரக் கிள்ளையில் அந்தச் சின்ன சர்ச்சுக்குள் மே மாதம் முழுக்க அதுதான். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை... ஒரே ஒரு ஃபேன். அதன் காற்றும் பாஸ்டரம்மா உட்காரும் பக்கமாகத்தான் போகும்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொல்லத் தோன்றுகிறது.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. வீடு திருப்பாதிரிப்புலியூரில். வேலை சிதம்பரத்தில், ஒரு புத்தகக் கடையில். போகும்போதும் வரும்போதும் ரயிலில் வேத விளக்கவுரைகளாகப் படித்துத் தள்ளுவேன். அதனாலேயே கிள்ளையில் விபிஎஸ் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. விபிஎஸ் என்றால் கோடை விடுமுறையில் பத்து நாள், பிள்ளைகளுக்கு வேதக் கதையும் பாட்டும்.

நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். பாடத்தை நான்கு பக்கம் நோட்ஸாக எழுதி வர வேண்டும். எழுதாதவருக்கு வகுப்பு கிடையாது.

எஸ்தர் எழுதி வரவில்லை.

அவள் கிள்ளைக்காரி, மீனவர் வீட்டுப் பெண். என் வயதுதான், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. மூன்று வருஷமாக விபிஎஸ்ஸில் மணி அடிப்பதும் சுண்டல் வைப்பதும்தான் அவள் வேலை. இந்த வருஷமாவது ஒரு வகுப்பு வேண்டும் என்று பாஸ்டரம்மாவிடம் கேட்டுவைத்திருந்தாள்.

"நோட்ஸ் எங்க எஸ்தர்?"

"அவ்ளோ எழுத வரலக்கா. வாயால சொல்லிக் காட்டட்டா?"

"வாயால யாரு வேணா சொல்லலாம். இந்த வருஷமும் சுண்டலப் பாத்துக்கோ."

"சரிக்கா. சுண்டலும் எனக்காவத்தான் காத்துக்கினு இருக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அடுப்புப் பக்கம் போகாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் மாதிரிப் பாடம் நடத்தினேன். ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒரு மீன்கூடச் சிக்காத அந்த மீனவர்களின் கதை. விடிந்ததும் கரையில் வலை அலசிக்கொண்டிருக்கிறார்கள், இயேசு வந்து படகைக் கேட்கிறார். "வலையை அலசுகிறார்கள் என்றால் நம்பிக்கையைக் கழுவிவிட்டார்கள் என்று அர்த்தம். இனி இந்தத் தொழிலே வேண்டாம் என்று முடிவு கட்டிய மனசு அது" என்றேன். எனக்கே அந்த வாக்கியம் ரொம்பப் பிடித்திருந்தது.

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? கோச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"வுட்டுட்டுப் போறவன் எதுக்குக்கா வலைய அலசறான்? பாசியும் சேறும் அப்புடியே கெடக்கட்டும்னு வீசிட்டு சாராயக் கடைக்கில்ல போவான். அலசறவன் நாளைக்கு மறுபடி கடலுக்குப் போறவன். ஒரு மீனும் கெடைக்காத அன்னிக்குத்தான் எங்கப்பா ஜாஸ்தி நேரம் அலசும்."

பாஸ்டரம்மா என்னைப் பார்த்தார்.

"அது சரி... ஆனா இதுக்கு ஆவிக்குரிய அர்த்தம் வேற" என்றேன்.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு எஸ்தர் கடலை வெந்துவிட்டதா என்று பார்க்க எழுந்து போனாள்.

சிதம்பரம் வந்து ரயில் ஏறினேன். பையிலிருந்த விளக்கவுரைகளைப் புரட்டினேன். எதிலும் அவள் சொன்னது இல்லை.

பரங்கிப்பேட்டை வரை கோபமாக இருந்தது. ஆலப்பாக்கம் வருவதற்குள் கோபம் போய் வெட்கம் வந்திருந்தது. ஒன்றுமே கிடைக்காத ராத்திரிக்குப் பிறகும் அந்த மனிதர்கள் மறுநாளுக்காக உட்கார்ந்து அலசியிருக்கிறார்கள். வலை கிழிய மீன் சிக்கிய அற்புதம் பிறகுதான் நடந்தது. விசுவாசம் அதற்கு முன்பே, அந்த அலசுகிற கைகளில் இருந்திருக்கிறது. இத்தனை புத்தகம் படித்த எனக்கு அது தெரியவில்லை. வலை வீட்டில் வளர்ந்தவளுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குத்தான் நான் வகுப்பு இல்லை என்றிருந்தேன்.

திங்கட்கிழமை, முதல் நாள். பிள்ளைகளும் அவர்களைக் கொண்டுவந்து விட்ட அப்பா அம்மாக்களும் இருந்தார்கள். எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"மீன் பாடத்த எஸ்தர் எடுப்பாங்க. சனிக்கிழமை பயிற்சியில நான் சொன்னது தப்பு. அவுங்க சொன்னதுதான் சரி."

பாஸ்டரம்மா கேட்டார், "நோட்ஸ் இல்லையேம்மா?"

"வேணாம்மா."

"அப்ப சுண்டலு?"

"நான் பாத்துக்கறேன்."

அடுப்படியிலிருந்து கேட்டேன். எஸ்தர் முதலில் தடுமாறினாள். பிறகு கையாலேயே காற்றில் வலையை உதறிக் காட்ட ஆரம்பித்தாள்... பிள்ளைகள் சத்தமே போடவில்லை. பிள்ளையை விட்டுவிட்டு உடனே கிளம்பிவிடும் அப்பாக்கள் அன்று சைக்கிளைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்கள். ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார், "மாமா, நம்ம வேலையத்தான்யா சொல்லுது அந்தப் பொண்ணு." இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் சுண்டல் அடிபிடித்துவிட்டது. எஸ்தர் மட்டும்தான் திட்டினாள்.

இப்போது பாடமெல்லாம் பிடிஎஃப்பாக ஃபோனுக்கே வந்துவிடுகிறது. சார்ட் பேப்பரில் படம் வரைந்து, கையெல்லாம் ஸ்கெட்ச் பேனா மையாக ரயில் ஏறிய அந்த மே மாதங்கள் இனி வராது. அது கொஞ்சம் ஏக்கம்தான்.

ஆனால் போன மாதம் திருப்பாதிரிப்புலியூரில் நடந்த ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தேன். பத்துப் பன்னிரண்டு சர்ச்சுகளிலிருந்து வந்திருந்தார்கள். நடத்தியது எஸ்தர். இயேசு சொன்ன விதைக்கிறவன் கதை. அவன் கவனமில்லாமல் வழியோரத்திலும் விதையைச் சிந்திவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

திருவதிகைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் கை தூக்கினாள். "அது கவனமில்லாம இல்லைங்க. கையால வெதைக்கறப்ப வரப்புல விழத்தான் செய்யும். அதுக்கு பயந்தா ஓரம் பூரா மொட்டையால்ல நிக்கும்?"

எஸ்தர் போர்டில் எழுதியிருந்ததை அழித்தாள். சாக்பீஸை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

"எனக்கு இது தெரியாதும்மா. நீயே வந்து சொல்லு."

எனக்கு ஒரு ரயில் பயணம் தேவைப்பட்டது. அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பக்கத்தில் இருந்தவர் யாரென்றே தெரியாது. நான் அப்படி வலியப் போய்ப் பேசுகிறவளும் இல்லை. ஆனாலும் அவர் பக்கம் சாய்ந்து சொன்னேன்.

"அவுங்க எங்க கிள்ளை டீச்சர்."