பெயர் கேட்கும் பாடம்

ஜெர்மன் என்று ஒரு பாஷை இருப்பதே காளிச்சாமிக்கு இருபத்தொன்பதாவது வயதில்தான் தெரியும். தெரிந்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சிங்காநல்லூர்ப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் நீராவி எஞ்ஜினுக்கு எண்ணெய் விடுகிற வேலை அவனுக்கு. நீலகிரிப் பைக்காராவிலிருந்து கரண்டு வந்து, கோயமுத்தூரைச் சுற்றி மூலைக்கு மூலை மில் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கரண்டு நின்றுபோனால் நூல் நூற்கிற கதிர்கள் நின்றுவிடுமே என்று முதலாளிக்குக் கவலை வந்தது. ஜெர்மனியிலிருந்து ஒரு டீசல் எஞ்ஜினுக்குச் சொல்லியனுப்பினார். அது கப்பலில் கொச்சிக்கு வரும். கூடவே அதைப் பூட்டிக்கொடுக்க ஒரு ஜெர்மன்காரரும் வருவார். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை, தமிழ் சுத்தமாகத் தெரியாது. அவர் பக்கத்தில் நின்று, அவர் சொல்வதைக் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவர் திரும்பிப் போன பிறகு எஞ்ஜின் அந்த ஆளின் பொறுப்பு. மேனேஜர் அரங்கசாமி மூன்று பேரைப் பொறுக்கியெடுத்து, மிஷன் பங்களாவில் இருந்த ஹெட்விக் அம்மாளிடம் ஞாயிறு சாயங்காலங்களில் பாஷை படிக்க அனுப்பினார்.

மூவரில் ஒருவன் ஸ்டோர் குமாஸ்தா ராமுலு. இன்னொருவன் குமாரசாமி, காலேஜ் முடித்துவிட்டு மில்லில் சூப்பர்வைசர் வேலை பழகுகிறவன். தேறாவிட்டால் ராமுலு ஸ்டோருக்குத் திரும்பிவிடுவான். குமாரசாமிக்கு அன்னூரில் தோட்டமும் துரவும் காத்திருந்தன. காளிச்சாமிக்கு என்ன இருந்தது? பழைய எஞ்ஜினைப் பிரித்து இரும்பு விலைக்குப் போடப்போகிறார்கள். எஞ்ஜினே இல்லாத இடத்தில் எண்ணெய் விடுகிறவனுக்கு யார் கூலி கொடுப்பார்கள்? அவனும் அன்னூருக்குத்தான் போக வேண்டும். அதுவும் அதே குமாரசாமியின் தோட்டத்துக்கு.

வினையே அங்கேதான் இருந்தது. அந்தத் தோட்டத்தில் காளிச்சாமியின் அப்பன் மாசாணம் பண்ணயத்தாள். தாத்தனும் அங்கேதான் மண்ணைக் கிளறிச் செத்தான். காளிச்சாமியும் மீசை அரும்பும்வரை அங்கே எருமை மேய்த்தவன். பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கோயமுத்தூருக்கு நடந்து வந்து மில்லில் சேர்ந்தான். குமாரசாமியின் அப்பா அவர்களுக்கு எஜமான், பெரிய பண்ணாடி. குமாரசாமி தொட்டிலில் கிடந்தபோதே சின்னப் பண்ணாடி ஆகிவிட்டான். அவனுடைய பெயரை மாசாணத்தின் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் தடுத்ததாகவும் ஞாபகமில்லை. தடுக்கிற வேலையே இல்லாமல் பார்த்துக்கொள்வதில் நம் ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

ஹெட்விக் அம்மாள் ஒரு பாதிரியாரின் விதவை. வேதப் புத்தகத்தில் தமிழ் கற்றவர். ஜாதியெல்லாம் தன் காம்பவுண்டு கேட்டுக்கு வெளியே செருப்போடு கிடக்கும் என்று நம்புகிறவர். முதல் நாள் மூவரையும் பார்த்து, "நீங்கள் அமருங்கள்" என்றார். காளிச்சாமி திரும்பிப் பார்த்தான், தனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் நிற்கிறார் என்று. அம்மாள் அவனைத்தான் சொன்னார். இருந்ததோ ஒரே ஒரு பெஞ்சு. குமாரசாமி ஒரு கோடியில் உட்கார்ந்தான், ராமுலு நடுவில். காளிச்சாமி மறு கோடியில் பாதித் தொடையை வைத்து, மீதி உடம்பைக் காலில் நிறுத்திக்கொண்டான். பாடம் முடிவதற்குள் கெண்டைக்கால் மரத்துப்போனது. வேர்வை முதுகில் இறங்கிய பாதை அவனுக்கே தெரிந்தது.

முதல் பாடமே பெயர் கேட்பது. 'வீ ஹைஸன் ஸீ?' உங்கள் பெயர் என்ன? கேட்கப்பட்டவர் எழுந்து, 'இஷ் ஹைஸெ' என்று தன் பெயரைச் சொல்ல வேண்டும். கேட்டவர் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லி வணக்கம் வைக்க வேண்டும். பச்சைக் குழந்தைகூடப் படித்துவிடும் பாடம்! காளிச்சாமிக்கு அது யானையை விழுங்கச் சொன்ன மாதிரி இருந்தது. நல்லவேளையாகப் பக்கத்தில் ராமுலு இருந்தான். ராமுலுவின் பெயரைக் கேட்டான், ராமுலுவுக்கு வணக்கம் வைத்தான், ராமுலுவை உட்காரச் சொன்னான். வாரா வாரம் இதே கதை. ஒரு கட்டத்தில் ராமுலுவே அலுத்துப்போய், "என் பேரு உனக்கு இன்னுமா தெரியலே?" என்றான்.

ஹெட்விக் அம்மாள் கண்ணில்லாதவரா? ஒரு நாள் ஜோடியை மாற்றினார். காளிச்சாமி குமாரசாமிக்கு எதிரில் நின்றான். வாய் திறந்தது, காற்று மட்டும் வந்தது. குமாரசாமி ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாள் இரண்டு முறை கேள்வியை எடுத்துக்கொடுத்தார். மூன்றாவது முறை பெருமூச்சு விட்டு, "பரவாயில்லை" என்றார்.  இவன் மந்தம் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை.

பாஷை அவனுக்கு வராமல் இல்லை. மற்ற இருவரைப் போல ஏதோ சுமாராக வந்தது. எஞ்ஜின் ரூமில் இரைச்சலுக்கு நடுவே எஞ்ஜினிடமே வாய்விட்டுப் பேசினான். அதைத் திறக்கவா, இதை மூடவா, எண்ணெய் போதுமா என்று ஜெர்மனில் விசாரித்தான். வீட்டில் மனைவி பழனியாத்தாள்தான் ஜெர்மன்காரர். அவளுக்கும் மில்லில் நூலைச் சுற்றிச் சிட்டம் போடுகிற வேலை. வந்ததும் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு முக்காலியில் உட்காருவாள்.

"ஏனுங்க, நாந்தான் அந்தத் தொரை. கேளுங்க பாக்கலாம்."

அவன் தடங்கலில்லாமல் கேட்பான்.

"இங்க இத்தனை நல்லா வருது. அங்க போயி வாய்ல கொழுக்கட்டைய வெச்சுக்கறீங்களா?"

"அங்க இருக்கறது நீயில்லையே புள்ள."

"அந்தத் தொரசாணி பாசைல கேட்டா நம்ம பாசைல கேட்ட மாதிரி ஆயிருமாக்கும்? அவுங்களுக்கும் அது பாடந்தானுங்க."

அவள் சொல்வது நியாயம்தான். நியாயம் தொண்டைவரை வந்தது, நாக்குக்கு வரவில்லை. அதற்கு அவனை யாரும் குற்றம் சொல்ல வேண்டாம். மூன்று தலைமுறையாகக் கட்டிப்போட்ட நாக்கு அது.

மார்கழி பிறந்தது. கப்பல் புறப்பட்டுவிட்டதென்றும், வரும் ஞாயிற்றுக்கிழமை தானே பங்களாவுக்கு வந்து ஆளைத் தீர்மானிக்கப் போவதாகவும் மேனேஜர் சொல்லிவிட்டார். அதற்கு முந்தின நாள், சொல்லாமல் அன்னூரிலிருந்து மாசாணம் வந்து நின்றார். மடியில் மருமகளுக்குக் கொஞ்சம் அவரைக்காய். முகத்தில் ரத்தமில்லை.

"ஏங்கண்ணு, நீயும் சின்னப் பண்ணாடியும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிக்கறீங்களாமா?"

"அந்தம்மா உக்காரச் சொன்னாங்கப்பா."

"பெரிய பண்ணாடி காதுக்கு வந்திருச்சு. கெணத்து மேட்டுல எல்லாருக்கும் முன்னால கேட்டுப்போட்டாரு. உம்பையன் என்ர பையனுக்குச் சரிக்குச் சரியாமே மாசாணம்னு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. அதான் எனக்குப் பயமா இருக்குது."

காளிச்சாமி அவரைக்காயை வாங்கிக் கீழே வைத்தான்.

"பெஞ்சுல உக்காந்தது போச்சு. பேர கீரச் சொல்லிப்போடாத கண்ணு. நாளைக்கு நாந்தான் அந்த மொகத்துல முழிக்கோணும்."

அவர் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார், பொழுதோடு தோட்டத்தில் இருக்க வேண்டுமென்று. கேட்டால் அப்பனுக்கு ஆபத்து. கேட்காவிட்டால் தானும் போய் அந்த அப்பனுக்குப் பக்கத்தில் நின்று மண்வெட்டி பிடிக்க வேண்டும். காளிச்சாமி விடிய விடியப் புரண்டான். கேட்கவே வேண்டாத பாடமாக நாளைக்கு இருந்துவிடக் கூடாதா என்று மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்டான். அம்மனுக்கு ஜெர்மன் தெரியாதது பற்றி அவன் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராமுலு வரவில்லை. குளிர்காய்ச்சலாம். பெஞ்சின் நடுவில் வெறும் பலகை. காளிச்சாமி உட்காரவே இல்லை, சுவரோரம் நின்றுகொண்டான். மேனேஜர் அரங்கசாமி நாற்காலியில் சாய்ந்து, "ம், நடக்கட்டும்" என்றார்.

ஹெட்விக் அம்மாள் எழுந்தார். "குமாரசாமி, நீங்கள் ஜெர்மனியிலிருந்து வந்திருக்கும் விருந்தினர். காளிச்சாமி, நீங்கள் இவருடைய பெயரைக் கேளுங்கள். வணக்கம் சொல்லி, அமரச் சொல்லுங்கள். பிறகு எஞ்ஜினைப் பற்றி உரையாடுங்கள்."

குமாரசாமி எழுந்து வந்து நடுக்கூடத்தில் நின்றான். காளிச்சாமியின் கைகள் தாமாகவே மார்புக்குக் குறுக்கே வந்து கட்டிக்கொண்டன. துண்டு எப்போது தோளிலிருந்து இறங்கிக் கக்கத்துக்குப் போனதென்று அவனுக்கே தெரியாது. கேள்வி நாக்கின் நுனியில் இருந்தது. கிணற்று மேடும் இருந்தது, சிரித்துக்கொண்டே கேட்ட முகமும் இருந்தது. 

"என்னப்பா, இதுகூடத் தெரியாதா?" என்றார் மேனேஜர். ஹெட்விக் அம்மாள் வாயசைத்துக் கேள்வியை எடுத்துக்கொடுத்தார். அவனுக்கு அது தெரியாமலா இருந்தது! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வானே! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேனேஜர் எழுந்திருக்கப் பார்த்தார்.

அப்போதுதான் குமாரசாமி வேப்பமரத்திலிருந்து கண்ணை எடுத்தான். கெட்டவன் இல்லை அவன். பரிதாபப்பட்டுத்தான் சொன்னான்.

"ஏண்டா காளி, சும்மா கேளுடா. நாந்தான் உத்தரவு குடுக்கறேனில்ல."

அடுத்த நொடி வார்த்தை வந்துவிட்டது. "வீ ஹைஸன் ஸீ?"

"இஷ் ஹைஸெ குமாரசாமி."

"கூட்டன் டாக், ஹெர் குமாரசாமி." வணக்கம், குமாரசாமி அவர்களே என்றுதான் அர்த்தம். கூரை இடிந்து விழவில்லை. உட்காரச் சொன்னான். எஞ்ஜின் எப்படி இருக்கிறது என்று கேட்டான். அதைத் திறக்கவா, இதை மூடவா, எல்லாம் கேட்டான். இத்தனை நாள் அடைத்துக் கிடந்தது தங்குதடையில்லாமல் வந்தது. மேனேஜர் தலையை ஆட்டினார்.  உத்தரவு என்ற அந்த ஒரு சொல் ஹெட்விக் அம்மாளுக்கு விளங்கியிருக்க வேண்டும். முகம் குப்பென்று சிவந்துபோயிருந்தது.

"ரெண்டு பேரும் தேவலாம். குமாரசாமி, காலைல ஆறு மணிக்கெல்லாம் எஞ்ஜின் ரூமுல நிக்கணும். மேலெல்லாம் எண்ணெயாகும். எப்படி?" என்றார் மேனேஜர்.

"அந்த எண்ணெய்ப் பொழப்பு எனக்கெதுக்குங்க? காளியே இருக்கட்டுமுங்க. நம்ம தோட்டத்துப் பையந்தான். சொன்ன சொல்லுத் தட்டமாட்டான்."

"சரி, அப்ப இவனே இருக்கட்டும்." இவ்வளவுதான். இதற்காகத்தான் காளிச்சாமி இத்தனை நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தது.

வெளியே வந்ததும் குமாரசாமி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். உங்கப்பன ஒண்ணும் சொல்லமாட்டாரு. நீ ஊருப்பக்கம் வந்தா மட்டும் பழைய மாதிரி எடந்தெரிஞ்சு நின்னுக்க, என்ன?"

"செரிங்க சாமி" என்றான் காளிச்சாமி. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

பழனியாத்தாள் வாசலிலேயே நின்றிருந்தாள். வேலை கிடைத்துவிட்டது என்றதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள், அவரைக்காயை நறுக்கினாள். நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"பேரக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"பாத்தீங்களா, நாந்தான் சொன்னனே! எப்படி வந்துச்சு தைரியம்?"

அவன் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். உத்தரவு கொடுத்தது, தோட்டத்துப் பையன் என்றது, தான் செரிங்க சாமி என்றது, எல்லாம். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்ப இந்த வேலைய நமக்குக் குடுத்தது ஆருங்க?"

 வேலை நிலைத்துவிட்டது, இனி பயமில்லை என்றுதான் காளிச்சாமி நினைத்துக்கொண்டு வந்திருந்தான். பயம் அப்படியே இருந்தது. அப்பன் அந்தத் தோட்டத்துக் கஞ்சியைக் குடிக்கிறவரை, நாளைக்கு வரப்போகிற ஜெர்மன்காரரிடம் ஒரு வார்த்தை பேசவும் அன்னூரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் பேச வேண்டியிருக்கும். அவன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"இந்நேரத்துல எங்க கெளம்பறீங்க?"

"அன்னூருக்கு. அப்பனைக் கையோட கூட்டிட்டு வந்துடறேன்."

அவள் பயந்துபோய்ப் பார்த்தாள். "பண்ணாடிகிட்ட என்னன்னு கேப்பீங்க?"

"அவுருகிட்ட எதுக்குக் கேக்கோணும்? அப்பங்கிட்டத்தான் கேப்பேன், வாறயான்னு."