தாலாட்டுக்கு எதற்கு இத்தனை சத்தம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டெல்லி ஆர்.கே.புரத்தில் என் தங்கை உமாவின் குவார்ட்டர்ஸ். தூங்கிக்கொண்டிருந்த அவளது கைக்குழந்தையை வீறிட்டு அழ வைத்தோம். எதைப் போட்டு? தாலாட்டைப் போட்டு.

சிரிக்காதீர்கள். எனக்கு வயிறு எரிகிறது.

உமா மத்திய அரசு ஊழியை. பிரசவ லீவில் தன் மகளுக்காக அவளே எழுதி மெட்டுப் போட்ட பாட்டு அது. லீவு முடியப் போகிறது. தான் ஆபீஸில் இருக்கும்போதும் குழந்தை தன் குரலைக் கேட்டுத் தூங்க வேண்டும் என்பது அவள் ஆசை. "என்னை மாதிரி எத்தனை அம்மா இருப்பாங்க? முறையா ரிலீஸே பண்ணிடலாம்ணா" என்றாள்.

பெரிய ஸ்டூடியோவுக்குப் பட்ஜெட் ஏது? வீட்டிலேயே ரெக்கார்டிங். டெல்லியில் அதற்கு ஒரே சீசன்தான் - குளிர்காலம். மற்ற மாதங்களில் ஃபேனும் கூலரும் போடுகிற இரைச்சலில் என்னத்தைப் பாடுவது? எதிரொலி வராமலிருக்க, வீட்டிலிருந்த ரஜாய், அதாவது பஞ்சுப் போர்வை, அத்தனையும் சுவரில் தொங்கின. போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லாமல் மாப்பிள்ளை லேப்டாப் முன்னால் நடுங்கிக்கொண்டிருந்தார்.

பாட்டு அருமையாக வந்தது. இயல்பான குரலில் தொடங்கி, போகப் போகக் குறைத்து, கடைசியில் கிட்டத்தட்ட வெறும் மூச்சாலேயே பாடியிருந்தாள்.

மிச்சம் மாஸ்டரிங். அதாவது, பதிவு செய்து முடித்த பாட்டை வெளியிடுவதற்கு முன்னால் சீவிச் சிங்காரிப்பது. அதற்கு மட்டும் ஒரு சின்ன ஸ்டூடியோக்காரரிடம் போனோம். அவர் என்ன செய்தார்? தொடக்கம், முடிவு எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு ஏற்றிவிட்டார். மூச்சு புயலாக வீசுகிறது... வாசலில் கல்யாண பராத் ஊர்வலம் பேண்டு வாத்தியத்தோடு வந்து நின்ற மாதிரி. குழந்தை அழாமல் என்ன செய்யும்?

உடனே போன் போட்டேன். "பையா, யே லோரி ஹை." இது தாலாட்டுப்பா என்றேன்.

"கமர்ஷியல் ரிலீஸ் ஹை சார். லவுட் தோ சாஹியே" என்றார். விற்கப்போகிற பாட்டு என்றால் சத்தம் இருந்தே ஆக வேண்டுமாம்.

யார் போட்ட சட்டம்? பாட்டுக் கேட்கிற ஆப்கள் பலவும் எல்லாப் பாட்டையும் தாங்களே ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. இவர் ஏற்றிய சத்தத்தை அவை இறக்கிவிடும். நசுங்கிய குரல் மட்டும் நசுங்கியபடியே கிடக்கும். இதைச் சொன்னால், "மெதுவா கொடுத்தா உங்களை மாதிரி ஆளுங்கதான் திருப்பி அனுப்பறாங்க சார்" என்று இந்தியில் அலுத்துக்கொண்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குரூப்பில், பழையது ஒன்று, அவர் செய்தது ஒன்று என இரண்டையும் போட்டேன். எது நன்றாக இருக்கிறது?

"ரெண்டாவது சூப்பர் சார். கணீர்னு இருக்கு."

"முதல் ஆடியோல வால்யூம் கம்மி."

ஏன் சார், வால்யூம் பட்டன் உங்கள் கையில்தானே இருக்கிறது? தாலாட்டு எதற்குக் கணீரென்று இருக்க வேண்டும்? மாஸ்டரிங் செய்தவரை அத்தனை திட்டினேனே - அவரை அப்படிச் செய்ய வைத்ததே நம் காதுதான். அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

கடைசியில் நானே தளர்ந்துவிட்டேன். "பேசாம அந்தச் சத்தமானதையே ரிலீஸ் பண்ணிடலாமா?" என்று உமாவிடம் கேட்டேன்.

"நான் குரூப்பையா தூங்க வைக்கப் போறேன்?" என்றாள்.

அவளே ஸ்டூடியோக்காரரிடம் பேசினாள். பின்னணி இரைச்சலை மட்டும் எடுங்கள், என் குரலை ஏற்றாதீர்கள் என்றாள். அச்சா என்றவர் ஒரு நிபந்தனை போட்டார் - எங்கேயும் தன் பெயர் வரக் கூடாது. மானம் போய்விடுமாம்.

அவர் பெயர் இல்லாமலேயே பாட்டு வெளியானது. முதல் கமெண்ட், முன்பின் தெரியாத ஓர் அம்மாவிடமிருந்து. அதுவும் புகார்தான்.

"வால்யூம் ரொம்பக் கம்மி. பாட்டு எப்ப முடிஞ்சதுன்னே தெரியல. பாப்பாவோட சேர்ந்து நானும் தூங்கிட்டேன்."