மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் யாருமில்லை

கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்கு எப்போதும் இரண்டு முதலாளிகள். அந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சம்பந்திகள். கேமராவைத் தோளில் சுமந்து, போகஸ் லைட்டின் வெக்கையில் வெந்து, கடைசிப் பந்தியில் ரசமும் மோரும் மட்டும் கிடைத்துச் சாப்பிட்ட சகோதரர்களே, உங்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரி சாரத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. முன்னால் கவுண்டர், பின்னால் மிக்சிங் ரூம். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்களில், டேப் போய் சி.டி. வந்துகொண்டிருந்த காலத்தில், எனக்கு நடந்தவை இவை.

நாய்க்கு நாலு செகண்டு

அரியாங்குப்பத்தில் ஒரு கல்யாணம். சி.டி. கொடுத்த மறுநாள் பெண்ணின் சித்தப்பா கடைக்கு வந்தார். கையில் ஸ்டாப்வாட்ச். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து, எந்த வீட்டார் எத்தனை நேரம் படத்தில் வருகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். டீயைக் குடித்தார், ஆனால் நோட்டை மூடவில்லை.

"பாய், எங்க பெரியண்ணன் மொத்தம் மூணு செகண்டு. மாப்ள வீட்டு நாயி நாலு செகண்டு. இதுக்கு என்ன சொல்றீங்க?"

யாரும் விட்டுப்போகவில்லை

ஒரு நாள் காலையில் சவரி முசியே கடைக்குள் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவர் எங்கள் தெரு சொல்தா. பின்னால் ஒரு அம்மா. நல்ல உயரம், கறுப்பு, ஒட்ட வெட்டிய நரைமுடி. ஆப்பிரிக்காக்காரம்மா என்று நினைத்துக்கொண்டேன். முசியே அறிமுகம் செய்தார்: "மதாம் ஜோஸ்லின் வீராசாமி." வீராசாமியா? நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

மார்த்தினிக் என்று, அமெரிக்காப் பக்கம் கடலுக்குள் ஒரு பிரெஞ்சுத் தீவு. மதாமின் அப்பா வழியினர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலில் கொண்டுபோகப்பட்டவர்கள். அடிமை முறை ஒழிந்ததும் கரும்பு வெட்ட ஆள் இல்லாமல், நம் பக்கத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப் போனார்கள். அப்படிப் போன ஒரு வீராசாமி அம்மா வழி. அப்பாவும் அம்மாவும் கல்யாணத்தைப் பதியவில்லை, அதனால் அம்மா வீட்டுப் பெயரே பிள்ளைகளுக்கு. மதாம் வேலையில் இருந்தபோது நர்ஸ். இப்போது ஊரில் பழைய சர்க்கரை ஆலையின் கிடங்கை வெள்ளையடித்து, ஊராரின் பழைய சாமான், பழைய காகிதம், பழைய பாட்டு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நினைவு வீடு நடத்துகிறாராம். அங்கே போட்டுக் காட்ட ஒரு படம் வேண்டும்.

சாம்பிள் கேட்டார். என்னிடம் இருந்த நல்ல கல்யாணத்தைப் போட்டேன். திரையில் ரோஜாப்பூ மழை கொட்டியது, மணமக்கள் இதய வடிவத்துக்குள் சுழன்றார்கள். எனக்கே கூச்சமாக இருந்தது. மதாம் கன்னத்தில் கைவைத்து முழுசாகப் பார்த்தார். சிரிக்கவே இல்லை. அவர் ஊரில் முன்னால் டவுன் ஆட்கள் வந்து எடுத்த படத்தில் மந்திரியும் மேயரும்தான் இருந்தார்களாம்.

முடிந்ததும் முசியேவிடம் ஏதோ சொன்னார். முசியே எனக்குத் தமிழில் சொன்னார்: "சமையல்காரன் வரைக்கும் எல்லாரும் படத்துல இருக்காங்க, யாரும் விட்டுப்போவல, எனக்கு இவருதான் வேணும்ங்கறாங்க பாய்."

அட்ரஸ் இருக்கிற பக்கம்

இவ்வளவு உற்சாகமாக நான் எந்த ஆர்டரையும் எடுத்ததில்லை. வீராசாமியின் ஊரைத் தேடி வாடகைக் காரில் வில்லியனூர் ரோட்டில் போகும்போது என் பழக்கப்படி கேட்டேன், "மதாம், வீட்டுக்காரங்க வேற யாரும் வரலயா?" அக்கா ஒருத்தர் இருக்கிறாராம், பெயர் மார்செலின். டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியும் வரவில்லை. வரவில்லை என்பதோடு நிற்கவில்லை. இந்தப் படம் ஓடுகிற அன்று நினைவு வீட்டின் வாசலையே மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்பா வழி உறவுக்காரர்கள் பாதிப் பேர் அக்காவின் கட்சி.

மதாம் கைப்பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்துக் காட்டினார். ஒன்றில் வீராசாமி, தகப்பன் பெயர் முனியன், ஊர் பெயர், கப்பல் பெயர், எல்லாம் இருந்தது. இன்னொன்று அப்பா வழியுடையது, விடுதலை கிடைத்தபோது அடிமைகளாக இருந்தவர்களை வரிசையாக எழுதிய பதிவேட்டின் நகல். ரோஸ் என்று ஒரு பெண், ஒரு நம்பர், அவ்வளவுதான். அந்த ரோஸும் கப்பலிலிருந்து இறக்கிய பிறகு யாரோ வைத்த பெயர். அதைச் சொல்லும்போது மதாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

அக்கா சொல்லியனுப்பியதை முசியே தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "அட்ரஸ் இருக்கற பக்கத்தை நீ தேடிப் போற. அட்ரஸ் இல்லாத பக்கத்தை யாரு தேடுவான்னு கேட்டாங்களாம்."

மூன்று முனியன்கள்

வில்லியனூர் தாண்டி அந்தக் கிராமத்தில் இறங்கினோம். முசியே கோயில் வாசலில் நின்று காகிதத்தை உரக்கப் படித்தார். கால் மணி நேரத்தில் நடவுக்குப் போனவர்கள், டவுனுக்கு வேலைக்குக் கிளம்பியவர்கள் என்று அறுபது பேர் கூடிவிட்டார்கள். முனியன் பேரன் வழி என்று மூன்று வீட்டார் உரிமை கொண்டாடினார்கள். ஒருவர் மூக்கைக் காட்டி எங்கள் மூக்கு என்றார். இன்னொருவர் நடையைப் பார்த்தால் தெரியவில்லையா என்றார். நிறத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாரும் அந்த நிறம்தான்.

மதாமுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். சிரிப்பும் அழுகையுமாக அறுபது பேரின் கையையும் பிடித்தார். நான் மூன்று வீட்டாரையும் அளந்து அளந்து எடுத்தேன். ஸ்டாப்வாட்ச் பயம் விடுமா? கடைசியில் சண்டை முற்றப் பார்த்தது. அஞ்சலை என்று ஒரு அம்மா, காலையில் வயல், மத்தியானம் மூலக்குளத்தில் ஒரு வீட்டில் வேலை. அவர்தான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நடுவில் புகுந்து தீர்ப்புச் சொன்னார்:

"மூணு வூட்லயும் சாப்புடட்டும்யா. எந்த வூட்டுக் கொழம்பு ஒத்துக்குதோ, அந்த வூட்டுப் பொண்ணு."

இடது பக்கம்

சாப்பாடு முடிந்து குரூப் எடுக்க வேண்டும். மதாமுக்கு மாலை போட்டுக் கோயில் கொட்டகையில் நாற்காலியில் உட்கார வைத்தேன். அறுபது பேரைப் பார்த்ததும் பதினைந்து வருஷப் பழக்கம் வாயில் வந்துவிட்டது. "பொண்ணு வீட்டுக்காரங்கள்லாம் வலது பக்கம் வாங்க. மாப்ள வீட்டுக்காரங்க இடது பக்கம்." கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரித்துக்கொண்டே அத்தனை பேரும் வலது பக்கம் போய் நின்றார்கள். இடது பக்கம் வெறும் தரை.

முசியேவுக்கு எதையும் விடாமல் மொழிபெயர்க்கிற வியாதி. இதையும் பெயர்த்தார். மதாமின் சிரிப்பு நின்றுவிட்டது. தன் அப்பா வீட்டார் நிற்க வேண்டிய இடம் போல அந்த வெறும் தரையையே பார்த்தார். பஸ்ஸை விட்டுவிட்டு நின்ற நம் அஞ்சலையம்மா மதாம் முகம் மாறியதைக் கண்டு, "இன்னாத்துக்கு வெறிச்சோன்னு கெடக்கணும், நாம பாதிப் பேரு அங்கப் போவோம்" என்று நாலு பேரை இழுத்துக்கொண்டு கிளம்பினார். மதாம் எழுந்து அவர் கையைப் பிடித்து, முத்தம் கொடுத்து, வேண்டாம் என்று தலையாட்டினார். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். தானே போய் இடது பக்கம் நின்றார்.

அப்புறம் நடந்ததை நான் கேமரா வழியாகத்தான் பார்த்தேன். யாரோ வேலியிலிருந்து ஒடித்துக் கொடுத்த இரண்டு குச்சியால் அந்த நாற்காலியைப் பக்கத்தில் இழுத்து அதன் முதுகில் தாளம் தட்ட ஆரம்பித்தார். மத்தளத்தின் பின்பக்கத்தில் குச்சியால் தட்டுவது அவர் அப்பா வழிப் பழக்கமாம். தட்டிக்கொண்டே ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ரோஸ். அப்புறம் ரோஸின் மகள். அப்புறம் அவள் மகன். ஏழு தலைமுறை. எந்தக் கல்யாணத்திலும் இப்படி ஒரு ஷாட் நான் எடுத்ததில்லை. டேப் தீரும் மட்டும் எடுத்தேன்.

மதாம் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னதை முசியே சொன்னார்: "மாப்ள வூட்டுலேர்ந்து நான் வந்துட்டேன், எழுதிக்கங்க பாய்ங்கறாங்க."

பூஜ்யம்

மறுநாள் காலை. மதாமுக்கு அன்று ராத்திரி சென்னையில் விமானம். மத்தியானம் படத்தின் காப்பி வாங்க வருவார். மிக்சிங் ரூமில் டேப்பைப் போட்டேன். படம் கண்ணாடி மாதிரி வந்திருந்தது. சத்தம் இல்லை. ஸ்பீக்கரைத் தட்டினேன், ஒயரை மாற்றினேன். பிறகு கேமராவைப் பார்த்தேன். சத்தத்துக்கான குமிழ் பூஜ்யத்தில் இருந்தது.

சகோதரர்களே, ஏன் பூஜ்யத்தில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். கல்யாண வீட்டில் பேசுகிற சத்தம் யாருக்கு வேண்டும்? அதை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டை ஓட்டுவதுதானே நம் தொழில். ஒரு தடவை விட்டுவைத்துப் பட்டவன் நான். சாம்பாரைப் பற்றி மாமியார் சொன்னது படத்தில் விழுந்து, பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. அன்றிலிருந்து குமிழைத் தொடுவதே இல்லை. கேமராவோடு வந்த ஹெட்போனை உறை கூடப் பிரிக்கவில்லை.

மதாமிடம் எப்படிச் சொல்வது? எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேலே பாட்டுப் போட்டு மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். மூன்று மணிக்கு வந்ததும் ஓட்டிக் காட்டினேன். உதடு அசைகிறது, குச்சி அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. "கிராமத்துக்கு மறுபடியும் போக நேரமில்லையே" என்று நான் உளறினேன். அந்தக் கிராமத்துப் பக்கத்தைப் பற்றிக் கவலையில்லை என்றார் மதாம்.

"அந்த ஜனங்க அங்கயேதான் இருக்காங்க, யாரு வேணும்னாலும் போயிக் கேக்கலாமாம்," என்றார் முசியே. "ரோஸ் வழியில வந்த இவங்களை எங்க போயிக் கேக்கறதுங்கறாங்க."

மார்செலின்

இருக்கிற ஒரே வழி, கடையிலேயே மறுபடி பதிவது. மின்விசிறியை நிறுத்தினேன், ஷட்டரை இறக்கினேன், ஹெட்போனின் உறையைக் கிழித்தேன். குமிழை மூன்று தடவை சரிபார்த்தேன். மதாம் ஆரம்பித்தார். ரோஸ். செலஸ்தீன். ஒகுஸ்த். அதோடு நின்றுவிட்டார். திரும்ப ரோஸ், செலஸ்தீன், ஒகுஸ்த். நான்காவது பெயர் வரவில்லை. நேற்று தாளத்தோடு தானாக வந்த பெயர், லைட்டுக்கு எதிரே வர மறுத்தது. நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மணி ஐந்து. சென்னைக்குக் கார் ஆறு மணிக்கு.

முசியேதான் சொன்னார், "அங்க இப்ப காலையில ஏழரை. அக்காவக் கேளுங்க." மதாம் மாட்டேன் என்றார். அக்கா பேசி மூன்று வாரம் ஆகிறதாம். முசியே, பாரிசில் இருக்கிற மகனோடு பேச வைத்திருந்த போன் கார்டை எடுத்து நம்பரைக் கேட்டார். நான் கடை போனின் ஸ்பீக்கரை அமுக்கி, மைக்கைப் பக்கத்தில் வைத்தேன். அடித்தது. எடுத்தார்கள். தங்கை திக்கித் திக்கி விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

பிறகு ஒரு குரல். கரகரப்பான, அதட்டுகிற குரல். ஒகுஸ்துக்கு அப்புறம் யார் என்று சொன்னது. அதோடு விடவில்லை. ரோஸிலிருந்து திரும்ப ஆரம்பித்தது. பெயர் மட்டும் இல்லை, ஆட்களும் வந்தார்கள். செலஸ்தீன் தலைச்சுமை சுமந்து கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தவள். ஒகுஸ்த் எழுதப் படிக்கத் தெரியாமல் மலைச்சரிவில் சொந்தமாக நிலம் திருத்தினவன். காகிதத்தில் இல்லாததெல்லாம் அந்த அம்மாவின் வாயில் இருந்தது. முசியே மூன்றாவது ஆள் வரைக்கும் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார், அப்புறம் நிறுத்திவிட்டார். ஏன் முசியே என்றேன். "பேசாம கேளுங்க பாய்" என்றார். மதாம் மேசையில் விரலால் அந்தத் தாளத்தைத் தட்டினார். கடைசிப் பெயர்களாக மார்செலின், ஜோஸ்லின் என்று அக்கா சொன்னபோது தங்கை உடைந்து அழுதுவிட்டார்.

கிராமத்தில் அந்த வெறும் தரையில் மதாம் நிற்க நான் எடுத்த படத்தின் மேல், அந்தக் குரலைப் போட்டு அனுப்பப் போகிறேன் என்று அக்காவிடம் முசியேவைச் சொல்லச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அதே அதட்டல். முசியே தமிழில் சொன்னார்:

"படம் போடற அன்னிக்குக் கதவத் தொறந்து வையி, நாற்காலியெல்லாம் பத்தாது, என் வூட்டுது நாலு எடுத்தாறேங்கறாங்க."

இத்தனை வருஷத் தொழிலில் சத்தத்தில் கை வைக்காமல் நான் கொடுத்த ஒரே படம் அதுதான், அதிலும் பேசுவது இங்கே எந்தச் சம்பந்திக்கும் ஒரு வார்த்தைகூடப் புரியாது என்பதால் யாரும் என்னிடம் சண்டைக்கு வர முடியவில்லை.