என் ஆட்டோ இன்னும் பிள்ளை பிடிக்கிறது

திருகோணமலையில் ஆட்டோவில் பாட்டுப் போட்டுப் பேக்கரிப் பாண், பணிஸ் விற்பவன் நான். முதன்முறையாகச் சீனன்குடாப் பக்கம் போன அன்று, பாட்டைக் கேட்டு ஒரு சிறுமி ஓடி வந்தாள். அடுத்த கணம் ஹெல்மெட்டால் என் முகத்தில் அடி விழுந்தது. முன்பல் உடைந்தது.

"பாண் ஆட்டோவில பிள்ளை பிடிக்கிறவன் இவன்தான்!"

ஓடிவந்த ஊர்க்காரர்கள் போனில் ஏதோ ஒரு ஆட்டோவின் படத்தைக் காட்டியபடி என்னை இழுத்துப் போட்டு மிதித்தார்கள். விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஒருவர் என் தலையில் பெட்ரோலை ஊற்றினார்.

சிறுமியின் தாய்தான் தன் போனைத் தூக்கிக்கொண்டு குறுக்கே பாய்ந்தார். "நில்லுங்கோ! இதே படம், இதே கதை. இப்ப கிண்ணியாவிலயும் நிக்கிறானாம், திரியாயிலயும் நிக்கிறானாம். ஒரு ஆள் எப்பிடி எல்லா இடமும் நிக்க ஏலும்?"

ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி மாற்றி எழுதியவை தானியங்கி பொட் கணக்குகள் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தப் படம் பரவிய சமூகத்தளத்துக்கு ஒரு முதலாளி இல்லை. ஆளாளுக்கு ஒரு சர்வர் நடத்துகிறார்கள். ஒன்றில் அழித்தாலும் மற்றவற்றில் அந்தப் பொய் சுற்றுகிறது.

பெட்ரோல் ஊற்றியவர் இப்போது என்னிடம்தான் மீன் பணிஸ் வாங்குகிறார்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை."

"ஓம்" என்று சிரிக்கிறேன். எஞ்சினை மட்டும் நிறுத்துவதில்லை.